பெண்குலமும் பொதுக் கணக்கும்

சித்திரைப் பூரணையன்று நமது கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படிக்கக் கேட்டிருக்கிறோம். மனிதர் செய்த நன்மை தீமைகளை ஏட்டில் எழுதி வைத்திருப்பவர் அவர். மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்ற நாட்களில், தாலந்துகளை ஊழியரிடம் ஒப்படைத்துச் சென்ற எசமான் திரும்பி வந்து கணக்குக் கேட்ட கதையையும் கேட்டோம். எச்சமயத்தவராயினும் கணக்குக் கொடுக்கும் கடமையிலிருந்து எவரும் தப்ப முடியாது என்பதே இவ்விரண்டின் கருத்துமாகும். ஆனால் இரு கதைகளிலும் ஏடு வைத்திருப்பவரும் கணக்குக் கேட்பவரும் ஆடவரே!

நெளுக்குளத்து வயற்கரையிலே வாழும் நமக்கு உண்மை நிலை தெரியும். உழவுக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, அறுவடையின் பின் கடனுக்கு எவ்வளவு என்று மனக்கணக்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் தாயாரே. ஊர்ப் பொதுக் கணக்கு என்று வந்ததும் ஏடு ஆடவர் கைக்குப் போய்விடுகிறது. இவ்வழக்கத்தை மீறிய தமிழ்ப் பெருமாட்டி ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் இந்தியாவின் முதற் பெண் கணக்காளராகிய ஆர். சிவபோகம் அம்மையார்.

அம்மையார் 1907 ஆம் ஆண்டு யூலை மாதம் 23 ஆந் திகதி பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலே கற்றார். அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. பாலியத்திலே விதவையான சுப்பலட்சுமி, மூலையில் ஒடுங்கியிருக்க மறுத்து, 1911 இல் பட்டம் பெற்று, 1912 இல் இளம் விதவைகளுக்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கியவர். அத்தகைய குருவின் நிழலில் வளர்ந்த சிவபோகம் சுதந்திரப் போராட்டத்திலே குதித்ததில் வியப்பில்லை. அதற்குப் பரிசாக வேலூர்ச் சிறையிலே ஓராண்டு காலம் அடைபட்டார். சிறைவாசம் பலரைச் சோர்வடையச் செய்யும். அம்மையாரோ அங்கிருந்தபடியே கணக்கியல் கற்பதென்று தீர்மானித்தார்.

விடுதலை பெற்ற பின் அக்காலத்து அரசாங்கக் கணக்கியல் டிப்ளோமாப் பரீட்சைக்குப் படித்து, 1933 இல் அதிற் சித்தியெய்திய முதற் பெண்மணியானார். தடைகள் அத்துடன் தீர்ந்தனவா? இல்லை. சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்று பிரித்தானிய ஆட்சியின் விதியொன்று குறுக்கே நின்றது. நாட்டுக்காகச் சென்ற சிறையே தொழிலுக்குத் தடையாயிற்று. அம்மையார் நீதிமன்றம் சென்று வழக்காடி வென்றார்; 1937 இல் சொந்தமாகத் தொழில் நடத்தத் தொடங்கினார். பின்னர் 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிராந்திய சபைக்குத் தலைமை தாங்கினார். தமக்குப் பின் வரும் பெண்கள் இத்துறையிலே சிறக்கும் பொருட்டுப் பரிசு நிதியும் ஏற்படுத்தினார். 1966 யூன் 14 இல் மறைந்தார்.

இங்கிலாந்திலும் கதை இதுவே. மேரி ஹாரிஸ் சிமித் என்னும் மாது 1891 இல் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் அங்கத்துவம் கேட்டார். பெண் என்ற காரணத்தால் மறுத்தனர். 1919 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கிய பின், 1920 இல், தமது 75 ஆவது வயதிலே அங்கத்தவரானார்.

இனி நமது நாட்டைப் பார்ப்போம். 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். சிவபோகம் அம்மையார் தொழில் தொடங்கிய அதே 1937 இல், கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்த வைத்தியர் மேரி இரத்தினம், கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். மறு வருடமே சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அவரது ஆசனத்தைப் பறித்துவிட்டனர். கடல் கடந்த சென்னையிலே ஒரு பெண்ணுக்குச் சட்டம் வழிவிட்டது. கொழும்பிலே ஒரு பெண்ணுக்கு அதே சட்டம் வாயிலை அடைத்தது.

அதன் பின் நெடுங்காலமாக நமது உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர் கூட இல்லை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நூற்றுக்கு 25 ஆசனங்களைப் பெண்களுக்கென ஒதுக்கியது. 2018 பெப்ரவரி 10 இல் நடந்த தேர்தலிலே அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. இது பெரும் மாற்றமே. எனினும் ஆசனம் வேறு, அதிகாரம் வேறு. பிரதேச சபையிலே ஆண்டுதோறும் தவிசாளர் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிறார். உறுப்பினர் அதனை ஆராய்ந்து வாக்களிக்கின்றனர். கணக்காய்வாளர் நாயகம் கணக்குகளைப் பரிசோதிக்கிறார். அவ்வேடுகளை வாசிக்கத் தெரியாத உறுப்பினர், ஆணாயினும் பெண்ணாயினும், கையுயர்த்தவே பயன்படுவார். எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவாயிற்று, மீதி எங்கே என்று கேட்கத் தெரிந்தவரே மக்களின் உண்மைப் பிரதிநிதி.

ஆகவே சிவபோகம் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: கதவைச் சட்டம் திறக்கலாம், உள்ளே சென்று ஏட்டை விரிக்கும் அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். அம்மையார் அறிவை முதலில் தேடினார். அதன் பலத்தினாலே சட்டத்தையும் வென்றார்.

வாலிப அன்பர்களே! பிறரைக் குறை கூறுமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம். சங்கங்களிலும் கோயிற் சபைகளிலும் பொருளாளர் தெரிவு நடக்கும்போது ஒரு சகோதரியின் பெயரைப் பிரேரிக்க நம்மில் எத்தனை பேர் எழுந்து நிற்கிறோம்? உயர்தர வகுப்பிலே கணக்கீடு கற்ற சகோதரிகள் நம் ஊரில் இருக்கின்றனர். அவர்களைக் கொண்டே மாதர் சங்கத்தினருக்குக் காசேடும் ஐந்தொகையும் வாசிக்கக் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றை நடத்தலாமன்றோ? ஒரு மேசையும் ஒரு கரும்பலகையும் போதும். அடுத்த மலர் வெளிவருமுன் அவ்வகுப்பு ஆரம்பமாகட்டும். அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவேயாகும்.