புறம் திருப்பிய குடலும் பங்கான் முகாமும்

சிறுகுடல் ஒரே குழாய்தான் எனினும் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே பொருளை உறிஞ்சுவதில்லை. இரும்புச்சத்தைப் பெரிதும் தொடக்கப் பகுதியும், வைட்டமின் பி12, பித்த உப்புகள் ஆகியவற்றைக் கடைப்பகுதியும் ஏற்கின்றன. இவ்வேறுபாட்டைத் துண்டு துண்டாக அளந்தறிய எளிய முறையொன்றை 1954-இல் ஷெஃபீல்டில் வில்சன், வைஸ்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். வெள்ளெலியின் குடல் துண்டைச் சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் உட்புறம் வெளியே வரத் திருப்பி, முனைகளைக் கட்டி, உள்ளே சிறிதளவு கரைசல் இட்டு, ஆக்சிஜன் ஊட்டிய திரவத்தில் அமிழ்த்தினர். உறிஞ்சப்பட்ட பொருள் பைக்குள் சேர்ந்தது. உள்ளிருந்த திரவம் மிகக் குறைவு. ஆகவே சிறிதளவு கடந்து வந்தாலும் செறிவு உயர்வது தெரிந்தது. கருவி என்று சொல்லத்தக்கதாக நூலும் கண்ணாடிக் கோலும் தவிர அதிகம் இல்லை.

வெள்ளெலிக் குடலை ஆராய்ந்த ராபர்ட் கிரேன், குளுக்கோஸ் தனியே நுழைவதில்லை, சோடியத்துடன் இணைந்தே நுழைகிறது என்னும் கருதுகோளை 1960-இல் பிராகாவில் முன்வைத்தார்.

இதற்கு முன்பே, 1953-இல், கொல்கத்தாவில் சம்புநாத் தே முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அங்கே நீர் உறிஞ்சப்படவில்லை. மாறாகச் சுரந்து தேங்கியது. கிருமி நீக்கிய வடிநீரும் அதையே செய்யும் என்று 1959-இல் காட்டினார். அவருக்கு உரிய மதிப்பு வாழ்நாளில் கிட்டவில்லை என்பது நம் அறிவியல் உலகின் குறையே.

காலரா குடலின் உட்படலத்தையே உரித்துவிடுகிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. 1960-இல் வெளிவந்த திசு ஆய்வு அதை மறுத்தது. படலம் சிதையவில்லை, குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாயிலும் அடைபடவில்லை. அவ்வழியே நீரும் பின்தொடரும். அப்படியானால் வாய்வழியாகவே இழப்பை ஈடுசெய்யலாம்! 1968-இல் டாக்காவில் நேலினும் கேஷும் நோயாளிகளிடம் இதைச் சோதித்து உறுதி செய்தனர்.

1971-இல் கிழக்கு வங்காள அகதிகள் நிறைந்த பங்கானில் நரம்புவழிச் சலைன் போதவில்லை. திலீப் மஹாலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் எனக் கலந்து பீப்பாய்களில் நிரப்பச் செய்தார். இறப்பு விகிதம் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 3.6 ஆகத் தாழ்ந்தது. கரைசலைக் குவளையில் பிடித்துப் புகட்டியவர்களுள் பலர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர், நோயாளியின் உறவினரே.