மயில்துத்தமும் கடல்மீனும்

கண்ணாடித் தொட்டிகளில் கடல்மீன் வளர்ப்போரை இன்றும் கலங்கவைப்பவை இரண்டு நோய்கள். ஒன்றில், உப்புத் தூவியது போல மீனின் உடலெங்கும் வெண்புள்ளிகள் தோன்றும். மற்றையது மெல்லிய தூள்போலப் படரும். செவுள்கள் பழுதுற்று, சில நாட்களுக்குள்ளேயே மீன் மூச்சுத் திணறி மடியும். இரண்டுக்கும் காரணம் ஒருகல ஒட்டுண்ணிகளே.

உலகின் முதலாவது பொது மீன்காட்சியகம் 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் 1924இல் புதிய மீன்காட்சியகம் எழுந்தது. ஒரே நீரைப் பல தொட்டிகளுக்கும் சுற்றவிடும் இத்தகைய இடங்களில் ஒரு மீனின் நோய் எல்லா மீன்களின் நோயாகிவிடும். தூள்போலப் படரும் நோயின் ஒட்டுண்ணிக்கு 1931இல் பெயர் சூட்டிய ஆய்வாளர் ஈ. எம். பிரவுன், 1934இல் அதனை விரிவாக விபரித்தார். வெண்புள்ளி நோயை ஜப்பானிய ஆய்வாளர் சிக்காமா 1937இல் பதிவுசெய்திருந்தார். அதன் ஒட்டுண்ணிக்கு 'கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ்' என 1951இல் பெயரிட்டவரும் பிரவுனே.

பெயர் கிடைத்தது, மருந்து?

சான் பிரான்சிஸ்கோவின் ஸ்ரைன்ஹார்ட் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் டெம்ஸ்ரர், முதலிற் கூறிய பிரவுனின் ஒட்டுண்ணிக்குச் செப்புச் சல்பேற்றைப் பயன்படுத்தும் முறையை 1955இல் வெளியிட்டார். நமது வைத்தியர்கள் மயில்துத்தம் என்று அழைக்கும் அதே நீலப் பொருள்தான். முந்திரிகைத் தோட்டக்காரர்கள் அறிந்த போர்டோக் கலவையில் சுண்ணாம்புடன் சேர்வதும் இதுவே.

ஆனால் இம்மருந்து கத்தி முனையில் நடப்பது போன்றது. லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு நீரில் நிற்கவேண்டும். குறைந்தாற் பயனில்லை, மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. அத்துடன் மீனின் தோலுக்குள் புதைந்திருக்கும் ஒட்டுண்ணியையோ, தொட்டியின் அடியில் உறையிட்டுப் பெருகும் ஒட்டுண்ணியையோ செப்பு தொடுவதில்லை. உறையை உடைத்து வெளியேறி, புதிய மீனைத் தேடி நீந்தும் குஞ்சுகளையே கொல்கிறது. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்து மருந்தை நிறுத்தியவர்கள் சில வாரங்களில் ஏமாந்ததன் காரணம் இதுதான். புள்ளிகள் மறைவது நோயின் முடிவல்ல. ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி உறைக்குள் போயிருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு முரணும் உண்டு. தொட்டிக்கு அழகூட்டும் பவளமணல் செப்பை உறிஞ்சிக்கொள்ளும். உயிருள்ள பவளங்களும் இறால்களும் செப்பினால் இறந்துபோகும். எனவே பவளம் வளர்க்கும் ஆசை பரவியபோது, நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்திடுவதே வழியாயிற்று.

மருந்தே வேண்டாத வழியொன்றை 1980களில் இஸ்ரேலின் ஏலாத் நகரில் அஞ்சலோ கொலோர்னி காட்டினார். மூன்று நாட்களுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான தொட்டிக்கு மாற்றுவது. இப்படி நான்கு தடவை. உதிர்ந்த ஒட்டுண்ணிகள் உறை உடைத்து வருமுன் மீன் இடம்பெயர்ந்துவிடும். வெண்புள்ளி நோயின் காலக்கணக்கை அறிந்தவருக்கே தோன்றக்கூடிய உபாயம் இது. டெம்ஸ்ரரின் மருந்தைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இலங்கைக் கடலிலிருந்தும் வண்ணமீன்கள் பிடிக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு விமானமேறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தொட்டியிற் பிறந்தவை அல்ல, பவளப்பாறையில் வாழ்ந்தவை. கடலின் பரப்பில் ஓர் ஒட்டுண்ணிக் குஞ்சு இன்னொரு மீனைச் சந்திப்பது அரிது. நாலடித் தொட்டியில் அது தவறுவதே அரிது.