தோட்டத்துக்கு வந்த வாக்குச்சீட்டு: வட சிலாங்கூரில் மக்களாட்சியின் கீழ்ப்படி, 1941–2023

2024ஆம் ஆண்டில் உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள் வாக்களித்தார்கள். தேர்தல்கள் இத்தனை நடக்கும் காலத்தில்தான் மக்களாட்சி தளர்கிறது என்ற கவலையும் உரக்கக் கேட்கிறது. அந்தத் தளர்ச்சியின் காரணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சமூக ஊடகத்திலும் தேடுகிறார்கள். இக்கட்டுரை கீழிருந்து பார்க்க முயல்கிறது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் மாவட்டத்தின் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என நீளும் தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் குடியிருக்கும் லயம், குடிக்கும் தண்ணீர், நடக்கும் பாதை, பிள்ளை படிக்கும் பள்ளியின் நிலம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த வாக்கு செல்லுபடியாகவில்லை. மலேசிய மக்களாட்சியின் குறைகளைப் பேசுவோர் இதை ஓர் இனத்தின் துயரக் கதையாக ஒதுக்கிவைப்பது வழக்கம். என் பார்வையில் இது ஆட்சிமுறையின் கட்டமைப்பிலேயே உள்ள குறை.

தோட்டத்தில் மக்களாட்சிக்கான குரல் வாக்குச்சீட்டுக்கு முன்பே எழுந்தது. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அதை முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைப் பட்டியல் இன்றும் நின்று படிக்கத் தக்கது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் வெள்ளைக்காரத் துரைமாரும் கிராணிமாரும் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் நல்ல மருத்துவமும் வேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும், பேசவும் கூட்டம் கூடவும் உரிமை வேண்டும், குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்லும் உரிமை.

இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சில நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. அப்படிக் கடந்துபோகத் தக்கதல்ல அது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, பால் வெட்டி, தூக்கிச் சுமந்து திரும்பும் ஒருவர் தம் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி அது. அதிலிருந்து அவரை இறக்கிவிடும் அதிகாரம் எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை. நிலம் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதனாலேயே அந்த நிலத்தில் வாழ்பவரின் நடத்தையும் நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டது என்ற வழக்கம் மட்டும் இருந்தது. கூலியையும் மானத்தையும் கூட்டம் கூடும் உரிமையையும் ஒரே பட்டியலில் சேர்த்த அந்தத் தொழிலாளர்கள், ஆட்சி என்பது என்ன என்பதைத் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். மே 5 அன்று நாதன் கைதானார். மே 16 அன்று சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. குறைந்தது 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அதே வேகத்தில் அவை ஒடுக்கப்பட்டன. 1948 ஜூனில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், வட சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1954இல் பி.பி. நாராயணன் தலைமையில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்கும் வேலைநிலைக்கும் போராடியது. தோட்டத்தை யார் ஆள்வது என்ற கேள்வியை எழுப்ப அதற்கு இடமில்லை.

வாக்குரிமை மெதுவாகத்தான் வந்தது. 1955 ஜூலை 27 அன்று நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர்களுள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், 11 விழுக்காட்டினர் சீனர்கள். எஞ்சிய 5 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கில்தான் இந்தியர்கள் இருந்தார்கள். 1957இன் அரசியலமைப்பு வாயிலை அகலத் திறந்தது. விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் ஆனார்கள். முன்பே பிறந்தவரும் வந்து குடியேறியவரும் மனு எழுத வேண்டியிருந்தது. எழுத்தறியாத பெற்றோர், பதியப்படாத பிறப்பு, தோட்டத்தை விட்டு வெளியே போகாத வாழ்க்கை எனப் பல காரணங்களால் பலர் மனு எழுதாமலே இருந்துவிட்டார்கள். அதன் விலை 1969இல் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியதும், பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களில் பலருக்கு, குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையே வாய்த்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலருக்கு இன்றும் குடியுரிமை எட்டாமல் இருக்கிறது.

குடியுரிமைக் கதை ஓரளவு தெரிந்தது. அதிகம் பேசப்படாதது ஊராட்சியின் கதை, அதன் நடுவிலும் ஒரு தமிழர் இருக்கிறார். மலாயாவில் முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்கு நடந்ததன்று, 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் நகராட்சிக்கு நடந்தது. கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில் நடந்தது. அவசரகாலத்தில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அமைந்தன. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றே அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் வழக்கறிஞரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர்களுள் ஒருவருமான ஆதி நாகப்பன். நேதாஜியின் இயக்கத்தில் பங்கெடுத்தவர் அவர்.

ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கை அளித்தது. குறைகள் பல இருந்தாலும், நியமிக்கப்பட்ட மன்றத்தைவிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேல் என்பது அதன் முடிவு. வரி கட்டுபவருக்கு மன்றத்தில் குரல் வேண்டும் என்று வாதிட்டு, தேர்தலை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1973இன் தற்காலிகச் சட்டத்தைத் தொடர்ந்து, 1976இன் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 15ஆம் பிரிவில் தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்தது. ஒவ்வொரு மன்றத்துக்கும் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறை நிலைத்தது. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. உறுப்பினர்கள் அப்போதும் நியமனம்தான்.

நகரத்தார் இழந்ததைத் தோட்டத்தார் பெற்றதே இல்லை என்பது இங்கே முக்கியம். 1965க்கு முன்பும் ஊராட்சித் தேர்தல் நடந்தது நகரங்களிலும் புதுக்கிராமங்களிலும்தான். தோட்டம் தனியார் நிலம். அதன் பாதையும் குழாயும் விளக்கும் நிர்வாகத்தின் கையில். பின்னர் மாவட்டம் முழுவதும் ஊராட்சி எல்லைக்குள் வந்தபோதும், தனியார் நிலம் என்ற காரணம் தோட்ட வாசலிலேயே நின்றது. கிராம மேம்பாட்டு நிதியும் அந்த வாசலைத் தாண்டவில்லை. 1990இல் வந்த தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் இலாகாவிடம் விடப்பட்டது. ஆக, லயத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் அது ஊராட்சிப் பிரச்சினை இல்லை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிரச்சினை. குடிமகன் தன் வீட்டு வாசலில் குடிமகனாக இல்லாமல் வேலையாளாக மட்டுமே கருதப்பட்டான். வேலை போனால் வீடும் போகும் என்பது இதன் நேரடி விளைவு.

வேலை போகும் காலமும் வந்தது. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது, செம்பனை சில இடங்களில் வீடமைப்புத் திட்டத்துக்கும் குழிப்பந்தாட்டத் திடலுக்கும் வழிவிட்டது. 1980 தொடங்கி இருபது ஆண்டுகளில் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கும் கட்டுமானத் திட்டத்துக்கும் அனுமதி தரும் இடங்கள் மாநில அரசும் ஊராட்சியும். இவற்றுள் ஊராட்சியில் தோட்டத்து மக்களின் வாக்குக்கு இடமில்லை.

இந்த இடைவெளியை இடைத்தேர்தல் நிரப்பியது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழுவினருமான ம.இ.கா.வின் கே. சிவலிங்கம் மறைந்தார். ஏப்ரல் 28 அன்று வாக்கெடுப்பு. சுமார் 12,000 வாக்காளர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். தேசிய முன்னணியின் கே. பார்த்திபனை எதிர்த்து நின்ற காலிட் இப்ராஹிம், கத்ரி தோட்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். அந்த நிறுவனம் 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலையில் மலேசியர் கைக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. பல ஆண்டு கேட்டும் வராத தார்ச்சாலையும் தெருவிளக்கும் பிரச்சார நாட்களில் வந்து இறங்கின. பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தார்ச்சாலையைப் பணத்தால் வாங்கிய வாக்கு என்று எழுதிய விமர்சகர்கள் வாக்காளர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே கருதுகிறேன். ஊராட்சிக்கு வாக்கில்லாத ஒருவர், கையில் இருக்கும் ஒரே வாக்கைக் கொண்டு ஊராட்சி செய்ய வேண்டியதைச் செய்துகொள்கிறார். அவர் செய்தது பகுத்தறிவுக்கு உகந்த செயல். தவறு, ஒரு மனிதரின் மரணத்துக்காகக் காத்திருந்து சாலை போடும் முறையில் இருக்கிறது.

அவ்வாண்டு நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமைக்காகக் குரல்கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8 தேர்தலில் அதே ஈஜோக்கில் வென்ற காலிட் சிலாங்கூரின் மந்திரி புசார், அதாவது முதலமைச்சர் ஆனார். அண்டைத் தொகுதியான காப்பாரில் எஸ். மாணிக்கவாசகம் நாடாளுமன்றம் சென்றார். மாற்றம் உண்மையானதுதான். 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் வந்தது. ஊராட்சித் தேர்தலை நடத்தித் தரும்படி 2010இல் சிலாங்கூரும் பினாங்கும் தேர்தல் ஆணையத்தைக் கேட்டன, ஆணையம் மறுத்தது. பினாங்கு 2012இல் தனிச்சட்டமே இயற்றியது. அது செல்லாது என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்றப் பதவிகளைக் கூட்டணிக் கட்சிகள் தமக்குள் பங்கிடும் பழக்கம், ஆட்சி மாறியும் மாறவில்லை. இந்தியர் சமூகத் தலைவர்கள் என்ற புதிய பொறுப்பும் நியமனமாகவே வந்தது. அதில் நல்ல உழைப்பாளிகள் பலர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களை மாற்றும் உரிமை ஊர் மக்களிடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாடாளுமன்றத்துக்கான வாக்கும் எல்லாருக்கும் ஒரே எடை உள்ளதன்று. 2013இல் காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர்.

இலங்கையின் மலையகத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதையின் வடிவம் துலங்கும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அங்கே தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. குடியுரிமை திரும்பிய பின்னும், 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடக் குறுக்கே நின்றது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை தம் லயத்துக்குச் சாலை போட முடியாத நிலை 2018இல் செய்த திருத்தத்தால்தான் மாறத் தொடங்கியது. அங்கே தேர்தல் இருந்தது, அதிகாரம் தோட்ட வாசலில் நின்றது. இங்கே தேர்தலே இல்லை. தமிழ்நாடும் இதில் பெருமைப்பட முடியாது. 1970க்குப் பின் 1986, அதற்குப் பின் 1996 என்று ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்ட மாநிலம் அது. ஊராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் வந்த பின்னும் 2016 முதல் 2019 வரை தனி அலுவலர்களே அங்கு ஊரை நடத்தினார்கள். மாநிலங்களுக்கு அதிகாரம் கேட்கும் கட்சிகள் ஊருக்கு அதிகாரம் தரத் தயங்குவது கடலின் இரு கரையிலும் ஒன்றுபோல இருக்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அதன் சுற்றுவட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீடு கேட்டுப் போராடினார்கள். மனு, மறியல், மீண்டும் மனு. பல மந்திரி புசார்கள் மாறினார்கள். 2023இல், மாநிலத் தேர்தல் நடந்த அதே ஆண்டில், கூட்டரசும் மாநில அரசும் சேர்ந்து அவர்களுக்காக 245 தரைவீடுகள் கட்டும் திட்டம் உருப்பெற்றது. விடாமல் போராடிய அந்த மக்களுக்கும் துணைநின்ற இயக்கத்தாருக்கும் உரிய வெற்றி அது. ஆனால் ஒரு மாவட்டத்தின் வீட்டுப் பிரச்சினை தீரப் பிரதமர் வரை போக வேண்டியிருந்தது என்பது ஆட்சிமுறை பற்றிய சான்று.

இதற்கிடையே மேல்படியில் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்து, தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய லயங்களிலோ இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் தங்கியிருக்கிறார்கள். 1941இன் கோரிக்கைகளில் பல அவர்களுக்கு இன்றும் பொருந்தும், வாக்கு அறவே இல்லை என்ற வேறுபாட்டோடு.

ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பகை வளரும் என்று கூறி 2018 டிசம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீர் அதை நடத்த மறுத்தார். கோலாலம்பூரையும் ஜோர்ஜ்டவுனையும் மனத்தில் வைத்து அரை நூற்றாண்டாகச் சொல்லப்படும் வாதம் அது. மலாய்க்காரர் பெரும்பான்மையாக வாழும் கோலசிலாங்கூரில் அதற்கு இடமே இல்லை. அங்கே தேர்தல் நடந்தால், மலாய்க் கம்பத்தும் சீனர் புதுக்கிராமத்தும் தோட்டத்தும் வேட்பாளர்கள் ஒரே வடிகாலையும் ஒரே குப்பை வண்டியையும் பற்றிப் பேசித்தான் வாக்குக் கேட்க முடியும். தோட்ட எல்லைக்குள்ளும் மன்றம் பணிசெய்யக் கடமைப்பட்டது என்று சட்டம் 171 தெளிவாகச் சொல்ல வேண்டும். 15ஆம் பிரிவை நீக்க வேண்டும். இரண்டுக்கும் அரசியலமைப்பைத் திருத்தி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தேட வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும்.