நிலமற்றவன் கையில் வாள்

ரோமக் குடியரசைக் கொன்றது யார் என்றால் சீசர் என்று சொல்லிவிடுகிறோம். கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டினார், குடியரசு போச்சு. அவ்வளவுதான் கதை. படை ஏன் அவர் பின்னால் போயிற்று என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

கி.மு. 133-க்குப் போவோம். டிரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு (சுமார் 310 ஏக்கர்) மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை ஏழைகளுக்குப் பிரி என்று சட்டம் கொண்டுவந்தார். நியாயத்தோடு ராணுவக் கணக்கும் இதில் உண்டு. சொத்துள்ளவனே படையில் சேரலாம் என்பது ரோமின் மரபு. சிறு விவசாயி அழிந்தால் சிப்பாயும் அழிவான். செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களால் பதில் சொன்னார்கள். டைபீரியஸையும் ஆதரவாளர்கள் சுமார் 300 பேரையும் அடித்துக் கொன்று டைபர் நதியில் வீசினார்கள். 121-இல் தம்பி கையஸின் முறை. அந்தப் படுகொலையை நடத்திய கான்சல் ஒபிமியஸ் பிறகு கட்டியது ஒற்றுமைத் தேவதைக்கு ஒரு கோயில்! சட்டத்தின்படி கொஞ்சம் நிலம் பிரிக்கப்பட்டது உண்மை. பிறகு அது மெல்ல முடக்கப்பட்டது.

107-இல் கான்சல் மாரியஸ், ஜுகுர்தாவுக்கு எதிரான போருக்குச் சொத்தே இல்லாதவர்களைச் சேர்த்தார். சொத்து வரம்பு முன்பே தேய்ந்து வந்ததுதான், ஒரே நாளில் நடந்த புரட்சியில்லை. ஆனால் இந்தச் சிப்பாய் திரும்பிப் போக வயல் கிடையாது. போர் முடிந்தால் நிலம் தர அரசிடம் நிரந்தர ஏற்பாடும் கிடையாது. தளபதி வாதாடி வாங்கிக் கொடுத்தால் உண்டு.

விளைவு 88-இல் தெரிந்தது. மித்ரிடேட்டீஸுக்கு எதிரான படைத்தலைமையைச் சுல்லாவிடமிருந்து பறித்து மாரியஸிடம் கொடுத்தார்கள். படையை ஏற்க வந்த அதிகாரிகளைச் சிப்பாய்கள் கல்லால் அடித்தே கொன்றார்கள். ரோமின் மீதே படையெடுப்பு என்றதும் சுல்லாவின் மேலதிகாரிகள், ஒருவரைத் தவிர, ஓடிவிட்டார்கள். சாதாரணச் சிப்பாய் நடந்தான். மாரியஸ் வேறு ஆட்களைக் கூட்டிப்போனால் கிழக்கின் கொள்ளை கைவிட்டுப் போகுமே என்பது அவன் பயம் என்கிறார் அப்பியன்.

சுல்லா தன் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தார், பிறரிடம் பிடுங்கி. அவர்களில் பலர் கடனில் மூழ்கி 63-இல் கேட்டிலைன் கலகத்தில் சேர்ந்தார்கள். கடைசியில் கி.பி. 6-இல் அகஸ்டஸ், படைவீரர் ஓய்வுத்தொகைக்கென 17 கோடி செஸ்டெர்ஸ் போட்டுத் தனிக் கருவூலம் வைத்தார். அதற்காக 5 சதவீத வாரிசு வரியும் விதித்தார். குடியரசு செய்ய மறுத்ததை முடியாட்சி செய்தது. சிப்பாய் யாருக்கு விசுவாசமாக இருந்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் மேட்டுக்குடியினர். சிப்பாயின் ஆசையை அவர்கள் பேராசை என்றார்கள். செனட்டர் வளைத்துப் போட்டிருந்த நிலத்துக்கோ சொத்து என்று பெயர். குடியரசைக் காப்போம் என்று குரல் எழும்போதெல்லாம் நாம் முதலில் கேட்க வேண்டியது இந்த நிலக் கணக்கைத்தான்.