கீறல் குறியீடுகள்

இரும்புக் காலத்திலும் அதை அடுத்த தொடக்க வரலாற்றுக் காலத்திலும் மட்கலங்களின் மேல் கூரிய கருவியால் கீறப்பட்ட, எழுத்தல்லாத உருவங்களைத் தொல்லியலாளர் கீறல் குறியீடுகள் என்பர். கொங்கு நாட்டில் இவை மிகுதியாகக் கிடைத்த இடம், குன்னத்தூருக்குத் தென்கிழக்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல் ஆகும். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் அருங்கலங்களுக்குப் பேர்பெற்றதாகக் குறிக்கும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் துணிபு.

இத்தகைய குறிகளை 1917இல் ஐதராபாத் பகுதிப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை ஆராய்ந்த குலாம் யஸ்தானி கவனத்திற்குக் கொண்டுவந்தார். பி. பி. லால் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், பெருங்கற்காலக் குறிகளில் 89 விழுக்காடு சிந்துவெளி, செம்புக் காலக் குறிகளை ஒத்தவை என்று காட்டியதிலிருந்து விவாதம் முழுவதும் வடிவ ஒப்புமையைச் சுற்றியே நகர்ந்தது. அதைவிடப் பயனுள்ள சான்று 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் கொடுமணலில் நடத்திய அகழாய்வுகளில் கிடைத்தது. அங்கே ஒவ்வோர் ஓடும் எந்த மண்ணடுக்கில், வாழ்விடத்திலா ஈமக்காட்டிலா கிடைத்தது என்பது பதிவானதால், குறியின் உருவத்தோடு அதன் சூழலையும் சேர்த்து எண்ண முடிந்தது.

ஒரே ஈமச்சின்னத்தில் வைக்கப்பட்ட கலங்களில் ஒரே குறி திரும்பத் திரும்ப வருவது, அது இறந்தவரின் குடியையோ குலத்தையோ சுட்டியிருக்கலாம் என்ற கருத்துக்கு இடமளிக்கிறது. குறிகளில் பெரும்பாலானவை கலம் சூளையில் சுடப்பட்ட பின்னர் கீறப்பட்டவை என்பதால், அவற்றை இட்டவர் குயவரைவிடக் கலத்தின் உரிமையாளராக இருக்கவே வாய்ப்பு மிகுதி; இன்னாருடைய துணி என்று அறிய சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட வீட்டுக்குறியை இதற்கு அருகில் வைத்து எண்ணலாம். தமிழி எனப்படும் தமிழ்-பிராமி எழுத்தில் கண்ணன் ஆதன், சம்பன், சுமணன் போன்ற ஆள்பெயர்கள் பொறித்த ஓடுகளும் அவ்வூரில் கிடைத்திருப்பதும், கீழடுக்குகளில் குறிகள் மட்டுமே இருந்து மேலடுக்குகளில் எழுத்து சேர்ந்துகொள்வதும் அதே திசையைக் காட்டுகின்றன.

வட ஐரோப்பாவின் ரூன் எழுத்துகளோடு இவற்றை ஒப்பிடுவோர் ஓர் அடிப்படை வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். ரூன்களுக்கு ஒலி உண்டு. டென்மார்க்கின் விமோசில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 160ஐச் சேர்ந்த சீப்பில் உள்ள சொல்லை இன்றும் படிக்க முடிகிறது. 24 எழுத்துகள் கொண்ட பழைய வரிசையின் முதலெழுத்துக்குக் கால்நடை, செல்வம் என்ற பொருள் இருந்ததை இடைக்கால ரூன் பாடல்கள் காத்துத் தந்தன. கொடுமணல் குறிகளுக்கு அவ்வகைத் துணை எதுவும் இல்லாததால், சூரியன், வளமை, ஆற்றல் என்று அவற்றுக்குத் தனித்தனியே பொருள் சொல்வது ஊகமே.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் ரா. சிவானந்தமும் செய்து 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு, 140 இடங்களில் கிடைத்த 15,184 ஓடுகளைத் தொகுத்து 42 அடிப்படைக் குறிகளைப் பிரித்தறிந்து, ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் குறிகளுக்குச் சிந்துவெளியில் இணை உண்டு என்றது. எனினும் அம்பு, ஏணி, முக்கோணம் போன்ற எளிய கோட்டுருவங்கள் தொடர்பில்லாத நாடுகளிலும் தோன்றக்கூடியவை. எனவே செங்கல்பட்டுப் பகுதியின் சாணூர் ஈமச்சின்னங்களில் மூன்று குறிகள் ஒரு தொகுதியாகவே மீண்டும் மீண்டும் வருவது போன்ற சான்றுகளுக்குத் தனிக்குறிகளின் ஒப்புமையைவிடக் கூடுதல் எடை தரவேண்டியுள்ளது.