சாவை வென்ற ராணிக்கு ஒரே ஒரு படம்

‘கிங் காங்’ தந்த மெரியன் கூப்பர், இரண்டே ஆண்டில் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காகத் தயாரித்த படம் ‘ஷீ’. வெளிவந்த ஆண்டு 1935. படத்துக்கு மூலமான ரைடர் ஹாக்கர்டின் நாவல் ஆப்பிரிக்காவில் நடக்கிறது. கூப்பர் கதையை வடதுருவப் பனிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பனிப்பாறைகளுக்கு அப்பால் கோர் என்றொரு நாடு. அதை ஆள்பவள், உயிர்ச்சுடரில் நின்று சாவை வென்றவள். ஐந்நூறு ஆண்டுக்கு முன் இழந்த காதலனின் முகஜாடையோடு ஓர் இளைஞன் (ராண்டால்ஃப் ஸ்காட்) அங்கே வந்து சேர்கிறான்.

கூப்பர் வண்ணத்தில் எடுக்கவே ஆசைப்பட்டார். கடைசி நேரத்தில் நிறுவனம் பட்ஜெட்டில் கைவைத்தது; படம் கறுப்பு வெள்ளையானது. ‘கிங் காங்’குக்குக் கட்டிய பெரிய வாசற்கதவையே இதற்கும் பயன்படுத்தினார்கள். மாக்ஸ் ஸ்டெய்னரின் இசை மட்டும் எந்தச் சிக்கனமும் தெரியாமல் பொங்குகிறது. ஆனாலும் வசூல் கைகொடுக்கவில்லை.

இன்று பார்க்கும்போது படத்தைத் தாங்குபவர் ராணியாக நடித்த ஹெலன் ககேகன்தான். நாடக மேடையிலும் ஆபெராவிலும் தேர்ந்தவர். ராணியை முதலில் ஆவித்திரைக்குப் பின்னால்தான் காட்டுகிறார்கள். உருவம் தெளியுமுன்பே குரல் ஆளத் தொடங்கிவிடுகிறது. இறுதிக் காட்சியில், சுடருக்கு அஞ்சும் காதலனுக்குத் தைரியம் சொல்ல அவளே மறுபடி அதற்குள் இறங்குகிறாள். இளமை தந்த நெருப்பே அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கண்ணெதிரே முகம் வற்றி, முதுமை மூடுகிறது. அந்த வேளையில் ககேகன் ராணியின் மிடுக்கைக் கைவிடவே இல்லை. ஸ்காட்டின் மரத்த நடிப்பை அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம்.

ககேகன் நடித்த திரைப்படம் இது ஒன்றுதான். பிறகு அரசியலுக்குப் போனார். 1944 தேர்தலில் வென்று, கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். மூன்று முறை உறுப்பினர். 1950 செனட் தேர்தலில் எதிரே நின்றவர் ரிச்சர்ட் நிக்சன். கம்யூனிஸ்ட் அனுதாபி என்று ககேகன்மீது சாயம் பூச, இளஞ்சிவப்புத் தாளிலேயே துண்டறிக்கை அச்சிட்டுப் பரப்பினார்கள். தோற்றார். அந்தத் தோல்வி அவருக்கு அவமானமல்ல, அப்படி ஜெயித்தவருக்குத்தான்.

படமோ பல ஆண்டு காணாமலே போயிருந்தது. நகைச்சுவை மேதை பஸ்டர் கீட்டனின் கார் கொட்டகையில் கிடைத்த ஒரு பிரதியால்தான் அது பிழைத்தது. 2006-இல் தந்திரக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுசனின் மேற்பார்வையில் நிறமும் ஏற்றினார்கள். இரண்டும் கையில் கிடைத்தால், கறுப்பு வெள்ளையை முதலில் பாருங்கள்.