கார் ஷாக் அப்சார்பர், டை ராடு மாத்தப் போறீங்களா? வெளி மார்க்கெட்டில் பார்ட்ஸ் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது 'டக் டக்' சத்தம். நேர் ரோட்டில் போனாலும் ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது. வாரன்டி முடிந்த பல கார்களில் வரும் பிரச்னைதான் இது. ஷோரூமில் எஸ்டிமேட் அதிகம் என்பதால், பலரும் வெளிக்கடையில் பார்ட்ஸ் வாங்கி லோக்கல் மெக்கானிக்கிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எதை வாங்குறோம், எப்படி மாட்டுறாங்க என்பதில்தான் விஷயமே இருக்கு.

எந்தெந்த பார்ட்ஸ் தேயும்?

ஸ்டீயரிங் பக்கம் டை ராடு எண்ட், ரேக் எண்ட். சஸ்பென்ஷன் பக்கம் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுன்ட்.

இதில் டை ராடு எண்டும் பால் ஜாயின்ட்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. முழுசா தேய்ந்து கழன்றால், ஓடும்போதே சக்கரம் கட்டுப்பாட்டை இழக்கும். எனவே இந்த இரண்டிலும் விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

எது கெட்டுப்போச்சுனு எப்படி கண்டுபிடிக்கிறது?

முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு டயரைப் பிடித்து ஆட்டிப் பார்க்கணும்.

* இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால், டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்டில் சந்தேகம்.
* மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால், பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்.
* ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிஞ்சது.

"எல்லாத்தையும் மாத்திடலாம் சார்" என்று சொன்னால், எது லூஸ்னு காட்டச் சொல்லுங்க.

எதை வாங்கலாம்?

கார் கம்பெனி பெயர் போட்ட பாக்ஸ் ஒரு வகை. கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொரு வகை. ஸ்டீயரிங் பாகங்களில் சென்னையைச் சேர்ந்த ரானே, ஷாக் அப்சார்பரில் கேப்ரியல் போன்றவை இதற்கு உதாரணம். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது வகையே போதும்.

மூன்றாவது, பெயர் தெரியாத லோக்கல் பார்ட்ஸ். விலை குறைவு. ஆனால் ரப்பரின் தரமும் பால் ஜாயின்ட்டின் உறுதியும் வெளியே பார்த்தால் தெரியாது.

மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா என்பதைச் சொல்லி பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்கணும். ஒரே மாடலிலேயே டீசல் இன்ஜின் கனம் என்பதால் ஸ்பிரிங் மாறலாம். "பில் வேண்டாம்னா கம்மி பண்ணித் தர்றேன்" என்றால் ஒத்துக்காதீங்க. பில் இல்லாமல் வாரன்டி கேட்க முடியாது.

மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

1. ஷாக் அப்சார்பரை ஜோடியாகவே மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி சீராக நிற்காது.
2. ரப்பர் புஷ் உள்ள லோயர் ஆர்ம் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசா இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். இல்லையென்றால் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.
3. பழைய டை ராடு எண்டை கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதுசையும் அதே அளவு ஏற்றணும். அலைன்மென்ட் சென்டர் வரை ஓட்டிப்போக இது உதவும்.
4. ஸ்பிளிட் பின், லாக் நட் எல்லாம் புதுசாகப் போடணும்.
5. ஸ்ட்ரட் ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸர் டூல் இல்லாமல் கழற்றவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும்.

வீல் அலைன்மென்ட் கட்டாயமா?

டை ராடு, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் எதைத் தொட்டாலும் கட்டாயம். அதைத் தவிர்த்தால் மிச்சம் பிடித்த காசு டயர் தேய்மானத்தில் போய்விடும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்க. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் சரிபார்க்கச் சொல்லணும்.

வண்டியை இறக்கலாமா, ஏத்தலாமா?

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது ஆபத்து. ஷாக் அப்சார்பர் வேலை செய்ய இடம் குறையும், ஹெட்லைட் குறியும் மாறும். ஸ்பேசர் வைத்து ஏத்தினால் ஆக்சில் ஜாயின்ட்டின் கோணம் மாறும், வளைவில் வண்டி அதிகம் சாயும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுள்ள பாகத்தை மாட்டுவது இதில் வராது.

வேலை முடிஞ்சதும் என்ன செய்யணும்?

பழைய பார்ட்ஸைக் கையில் வாங்கிப் பாருங்க. மெதுவாக ஓட்டி, கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி நேராகப் போகுதா, வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புதா எனக் கவனிங்க. சில நாள் ஓட்டிய பின் போல்ட்டுகளை ஒருமுறை செக் பண்ணச் சொல்லுங்க. ஸ்டீயரிங்கில் திடீர் லூஸ் தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மெக்கானிக்கை அங்கேயே வரவழைப்பதுதான் பாதுகாப்பு.